தேசத்தின் சிகரத்தில் நம் பன்றி

அன்பும் பெருமையும் மிக்க மூத்த சகோதரர் விலியாமு அண்ணா அவர்களுக்கும், மார்கரெட் அண்ணிக்கும், ஆக்லாந்து குளிரில் வளரும் என் அண்ணன் பிள்ளைகளுக்கும், நுகுலேவா நாட்டிலிருந்து தம்பி சகாயோ பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் தலீதாவும் பிள்ளைகளும் சுகம். காயல் அதன் இடத்தில் இருக்கிறது. கடலும் ஏறக்குறைய அதன் இடத்தில்தான் இருக்கிறது. போன பௌர்ணமிக்கு மட்டும் சமையற்கட்டு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அரசாங்கம் இதை எழுதும்போது இருக்கிறது. நீங்கள் படிக்கும்போது இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை. கிறிஸ்துமஸ் தோறும் அண்ணி அனுப்பும் பணத்தில் தீனி போட்டு வளர்க்கும் பெண் பன்றியும் மிகவும் சுகம். நன்றி மறக்கக் கூடாது என்று அதற்கு மார்கரெட் என்றே பெயர் வைத்திருக்கிறோம். அண்ணி தப்பாக நினைக்க வேண்டாம், இந்தத் தீவில் அவ்வளவு லட்சணமான பன்றி வேறு கிடையாது. இனி இந்தக் கடிதத்தில் அண்ணி என்று எழுதினால் அண்ணி, வெறுமனே மார்கரெட் என்று எழுதினால் பன்றி.

அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக்குப் பின்னால் அப்பா கொட்டி வைத்தாரே ஒரு மேடு, அதன் தலையைச் சீவப் போகிறார்கள். நிலம் நம் இருவருக்கும் பொது என்பதால் இருவரும் சம்மதிக்க வேண்டும். என் சம்மதம் கிடைக்காது. உங்களிடம் யார் வந்து கேட்டாலும், மந்திரியே வந்து காலில் விழுந்தாலும், முடியாது என்று சொல்லிவிடுங்கள். மந்திரி அடுத்த வாரம் ஏதோ மாநாட்டுக்குப் போகிற வழியில் ஆக்லாந்தில் இறங்கி உங்கள் வீட்டுக்கே வரப் போகிறாராம். அதற்கு முன் இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்க வேண்டும். ஃபோனில் சொல்லலாமே என்பீர்கள். கடலடி கேபிள் அறுந்து கிடக்கிறது. தபாலாபீஸில் ஒரே ஒரு சாட்டிலைட் ஃபோன்தான் பேசுகிறது, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவள் பக்கத்து வீட்டு நெமாயாவின் மருமகள். நான் ஹலோ சொன்னால் ஊரே பதில் சொல்கிறது. அதனால்தான் ஆக்லாந்துக்கு வரும் நம் போதகர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது தெரியுமா? ஃபிஜியில், சுவா மாநாட்டின் ஒரு டீ இடைவேளையில். நம் தீவின் எம்.பி. ஊசேயாவை உங்களுக்குத் தெரியும், உங்கள் கூடப் படித்து உங்களைப் பார்த்து எழுதித் தேறியவர். அவர் இப்போது மீன், தபால், விமானம் மூன்றுக்கும் மந்திரி. நம் சபையில் ஒன்பது பேர். ஐந்து பேர் ஆள்கிறார்கள், ஐவரும் மந்திரிகள். மீதி நால்வர் போன வருஷத்து மந்திரிகள். கட்சி கிடையாது, கொள்கை கிடையாது, யாருக்கும் யாரோடும் பகையும் கிடையாது, எல்லாரும் மச்சான் மாப்பிள்ளைகள்தான். யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து அந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஆட்சி மாறிவிடும். அதனால் பிரதமர் சபைக்கு வந்ததும் முதலில் நாற்காலிகளைத்தான் எண்ணுகிறார்.

நாடு எதை வைத்துப் பிழைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? நம் கடலில் சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் லைசென்ஸ் பணம், கப்பலில் வேலை பார்க்கும் பையன்கள் அனுப்புவது, உங்களைப் போன்றவர்கள் அனுப்புவது, தபால்தலை சேர்க்கும் ஐரோப்பியக் கிழவர்கள் அனுப்புவது. மற்றதெல்லாம் உதவி நிதி. சிறு தீவுகளுக்கான நிதி, தாழ்ந்த நிலங்களுக்கான நிதி, உப்பேறிய கிணறுகளுக்கான நிதி, எல்லாவற்றையும் வாங்கித் தின்று தீர்த்தாகிவிட்டது. இந்த நிலையில் ஊசேயா சுவாவில் டீ குடிக்கப் போன இடத்தில் வழி தவறிப் பக்கத்து அரங்கின் பிஸ்கட் மேசைக்குப் போயிருக்கிறார். அங்கே மலை நாடுகளின் கூட்டமாம். மலைப் பிரதேச வளர்ச்சிக்கு என்று தனியாக ஒரு நிதி இருக்கிறதாம். ஊசேயா பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு அங்கிருந்த அதிகாரியைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, மலைன்னா எவ்வளவு உயரம் இருக்கணும்னு விதியில போட்டிருக்கா?”

“அப்படி ஒண்ணும் போடலையே.”

“அப்ப எங்க நாட்டுலயும் மலை இருக்கு!”

திரும்பி வந்த வாரமே மலைகள் துறை ஆரம்பித்துவிட்டார்கள். சிரிக்காதீர்கள் அண்ணா. காயலோரம் நின்று துப்பினால் மறுபக்கம் கடலில் போய் விழும் அகலத்தில் நாடு, அதற்கு மலைகள் துறை. மந்திரி ஊசேயா, செயலாளர் அவருடைய மைத்துனர், கூட ஒரு டிரைவர். வண்டி இன்னும் கப்பலில் வரவில்லை. டிரைவர் மட்டும் தினமும் துறை வாசலில் வந்து உட்கார்ந்து, யாராவது கேட்டால் “வண்டி வரட்டும், மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்கிறான்.

துறை இருக்கிறது, இனி மலை வேண்டுமே. அளந்து சொல்வதற்கு சுவாவிலிருந்து சேரா என்று ஒரு ஃபிஜிப் பெண்ணை வரவழைத்தார்கள். நல்ல பெண், குனிந்த தலை நிமிராமல் வேலை பார்ப்பவள். முக்காலியில் கருவியை வைத்துக்கொண்டு தீவு தீவாகப் போனாள். நம் ஊருக்கு வந்ததும் ஆளாளுக்குத் தன் வாசல்தான் உயரம் என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். நெமாயா அவளுக்குத் தேங்காய் நண்டு அவித்துக் கொடுத்துத் தன் கழிவறைக்குப் பின்னால் உள்ள மேட்டைக் காட்டினான். “பாரும்மா, இங்கருந்து பாத்தா சமோவாவே தெரியும்” என்றான். அவனுக்கு வேலியே சரியாகத் தெரியாது. சேரா அதை அளந்து, இதுவரைக்கும் இதுதான் நாட்டிலேயே உயரம் என்று சொல்லிவிட்டாள். அன்று முழுக்க நெமாயா ஊருக்குள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

மறுநாள் அவள் நம் வேலிப் பக்கம் வந்தாள். “ஐயா, அந்தப் பன்றிக் கொட்டில் எது மேல நிக்குது?” என்று கேட்டாள்.

“அது எங்கப்பா கொட்டின மேடும்மா. குப்பை, பவளக்கல்லு, தேங்கா மட்டை. அதுல என்ன இருக்கு, போ.”

“பன்றியை ஒரு நிமிஷம் இறக்குறீங்களா?”

மார்கரெட்டை இறக்குவது என்ன லேசான காரியமா? நானும் தலீதாவும் இரண்டு பிள்ளைகளும் தள்ளினோம். அது பெருமூச்சு விட்டதே தவிர அசையவில்லை. கடைசியில் சேரா அதன் பக்கத்திலேயே முக்காலியை வைத்து அளந்தாள். ஒரு தடவை அளந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தாள். நெமாயாவின் மேட்டைவிட ஒரு சாண் அதிகம். நுகுலேவா தேசத்தின் மிக உயர்ந்த இடம் நம் அப்பாவின் மேடு அண்ணா! வேலிக்கு அந்தப் பக்கம் நெமாயாவின் முகம் சாம்பலடித்தது. எனக்குப் பெருமை வரவில்லை என்று சொன்னால் பொய், ஆனால் அது ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை.

ஏனென்றால் மாலையில் ஊர் மண்டபத்தில் கூட்டம். உங்களுக்கு நம் மண்டபம் ஞாபகம் இருக்கிறதல்லவா? பெரியவர்களுக்கு ஆளுக்கொரு தூண், அதில் முதுகைச் சாய்த்து உட்காருவார்கள். நம் குடும்பத்துத் தூண் மூத்தவர் என்ற முறையில் உங்களுக்குரியது. நீங்கள் ஆக்லாந்தில் சோபாவில் சாய்ந்திருக்கிறீர்கள், தூண் இங்கே காலியாக நிற்கிறது. இளையவன் நான் நடுவில், சாய ஒன்றுமில்லாமல், பிள்ளைகளோடும் மாப்பிள்ளைகளோடும் சப்பணம் கொட்டி உட்கார்ந்து இடுப்பு ஒடிகிறேன். போகட்டும். சேரா எழுந்து, இல்லை, குனிந்தபடியே, தன் கணக்கைச் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். தலைமைத் தூணில் சாய்ந்திருந்த பெரியவர் தௌலியா மட்டும் கை தட்டவில்லை. அவர் யோசிக்க ஆரம்பித்தால் ஊருக்கு ஏதோ கேடு என்று அர்த்தம்.

“அப்ப அந்த மேட்டு மேல ஒரு பன்னி உக்காந்திருக்கே?” என்றார்.

“ஆமாங்க பெரியவரே” என்றேன்.

“நான் இங்க உக்காந்திருக்கேன். அது அங்க உக்காந்திருக்கு. யாரு தலை மேல?”

நம் ஊர்ச் சங்கதிதான் உங்களுக்குத் தெரியுமே. உட்கார்ந்திருக்கும் பெரியவரைத் தாண்டிப் போனாலே இடுப்பை வளைத்து ‘துலோ, துலோ’ என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகிற ஊர். தலைக்கு மேல் கை நீட்டி வாழைப்பழம் எடுத்தவனை ஒரு மாசம் பேசாமல் வைத்த ஊர். அங்கே போய் ஒரு பன்றி பிரதமர், சபாநாயகர், போதகர், பெரியவர் எல்லாருக்கும் மேலே வருஷக்கணக்காகப் படுத்துக் குறட்டை விட்டிருக்கிறது.

“அடேய் சகாயோ, எத்தன நாளா இந்த அநியாயம் நடக்குது?”

“இதுக்கு முன்னால அதோட அம்மா இருந்துச்சுங்க. அதுக்கு முன்னால...”

“வாயை மூடு! பரம்பரையா வேற உக்காத்தி வெச்சிருக்கான்!”

“பேரு வேற மார்கரெட்டாம்” என்று நெமாயா மூலையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களே சொல்லுங்கள்.

மார்கரெட்டை உடனே இறக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஊரே சேர்ந்து கயிறு கட்டி இறக்கியது, அது விடிவதற்குள் மேலே ஏறிப் படுத்துவிட்டது. மறுபடி இறக்கினார்கள், மறுபடி ஏறியது. அதன் மேல் தப்பில்லை அண்ணா, பௌர்ணமிக்குத் தண்ணீர் மண்ணுக்குள்ளிருந்து கொப்பளித்து வரும்போது இந்தத் தீவில் காய்ந்த இடம் அது ஒன்றுதான் என்று மார்கரெட்டுக்குத் தெரியும். மலைகள் துறைக்கு அது இன்னும் தெரியவில்லை. இதற்கிடையில் மேடு தேசியச் சிகரம் என்று ரேடியோவில் அறிவித்துவிட்டார்கள். சிகரத்துக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. இப்போது நம் வீட்டுப் பக்கம் போகிற வருகிறவர்கள் எல்லாம் இடுப்பை வளைத்து ‘துலோ, துலோ’ என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள், மேலேயிருந்து மார்கரெட் அதை ஏற்றுக்கொள்கிறது. பெரியவர் தௌலியா இந்த வழியாக வருவதையே விட்டுவிட்டார். சர்ச்சுக்குக் காயலில் படகு போட்டுச் சுற்றிக்கொண்டு போகிறார்.

போதகர் கையில் கொடுத்தாலும் நீங்கள் பார்க்க வேண்டும் என்றே இந்தக் கடிதத்தின் மேல் ஒரு தபால்தலை ஒட்டியிருக்கிறேன், பாருங்கள். நுகுலேவாவின் சிகரம் என்று போட்டிருக்கிறதா? படத்தில் பனி மூடிய மலையும் அடிவாரத்தில் தேவதாரு மரங்களும் இருக்கிறதா? அச்சடிப்பது வெளிநாட்டில், அவனுக்கு நாம் சிகரம் என்று மட்டும்தான் எழுதி அனுப்பினோம், அவன் தனக்குத் தெரிந்த சிகரத்தைப் போட்டுவிட்டான். நன்றாக விற்கிறதாம். யாராவது கிளம்பி வந்து பனி எங்கே என்று கேட்டால் பருவம் முடிந்துவிட்டது என்று சொல்லும்படி செயலாளர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

பெரிய நாடுகளும் வந்துவிட்டன. ஒரு பெரிய நாடு, பெயர் வேண்டாம், மேட்டில் ஏறப் படிக்கட்டு கட்டித் தருகிறேன் என்றது. இதைக் கேட்டு இன்னொரு பெரிய நாடு கம்பியில் தொங்கிப் போகும் பெட்டி வைத்துத் தருகிறேன் என்றது. மேடு எனக்கு மார்பளவு அண்ணா. பெட்டியில் ஏறினால் இறங்க இடமில்லை. ஆனால் ஊசேயா இருவரிடமும் “யோசித்துச் சொல்கிறோம்” என்று சொல்லி இருவரிடமும் விருந்து சாப்பிட்டுவிட்டார். சபையில் எதிர்ப்பக்கம் இருக்கும் மீதி நால்வர் சும்மா இருப்பார்களா? சிகரத்தை ஒரே தீவுக்குக் கொடுத்தது பாரபட்சம், சிகரம் வருஷத்துக்கு ஒரு தீவு என்று சுற்றி வர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். பிரதமர் நாற்காலிகளை எண்ணிப் பார்த்து, பரிசீலிக்கிறேன் என்றார்.

கடைசியில் ஒரு நினைவுத் தூண். மலை நிதியிலிருந்து பணம் வர வேண்டுமானால் சிகரத்தில் தூண் நட்டு, கல்வெட்டு பதித்து, படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். தூண் நட அடியில் சமதளம் வேண்டுமாம். அதற்குத்தான் மேட்டின் தலையைச் சீவ வேண்டும் என்கிறார்கள். செயலாளர் வரைபடத்தை என் முற்றத்தில் விரித்து நான்கு மூலையிலும் நான்கு தேங்காய் வைத்துக் காட்டினார்.

“தலையைச் சீவினா மேடு தாழ்ந்துருமே சார்?” என்றேன்.

“அதான் மேல தூண் வருதே.”

“தூண் உயரம் மலை உயரத்துல சேருமா?”

“இந்த மாதிரி குதர்க்கமெல்லாம் எனக்கு வேண்டாம், சகாயோ. பிளான் மேலிடத்துல பாஸ் ஆயிருச்சு.”

நான் அந்த நான்கு தேங்காயையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். வரைபடம் காற்றில் காயல் வரை போயிற்று.

அண்ணா, விளையாட்டெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மேடு எப்படி வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரும்புயலின்போது அப்பா நம் இருவரையும் மீன் வலைக் கயிற்றால் தென்னை மரத்தோடு கட்டினார். நான் உங்கள் தோளைக் கடித்துக்கொண்டு அழுதேன், அந்தத் தழும்பு உங்களுக்கு இன்னும் இருக்கும். கடல் காயலைப் பார்க்கத் தீவின் மேல் நடந்து போனது. வீடு போனது, கிழங்குக் குழி உப்பாகிப் போனது, நாம் மிஞ்சினோம். அதற்குப் பிறகுதான் அப்பா ஆரம்பித்தார். தினமும் பவளத் திட்டுப் பக்கம் போய் ஒரு கூடை கல் சுமந்து வந்து வீட்டுக்குப் பின்னால் கொட்டுவார். ஊரே கேலி செய்தது. “என்னய்யா, மலை கட்டுறியா?” என்று கேட்பார்கள். அப்பா பதில் சொல்ல மாட்டார், அடுத்த கூடைக்குப் போய்விடுவார். சாகிற வாரம் வரை சுமந்தார். அடுத்த தடவை தண்ணீர் வந்தால் என் பிள்ளைகள் கட்டின கயிற்றில் தொங்கக் கூடாது, மண்ணில் நிற்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாராம். அந்த மேட்டில் ஒரு கல்லைக்கூட யாரும் தொடக் கூடாது. காசு கொடுத்தாலும், பதவி கொடுத்தாலும் சகாயோ தன் அப்பாவின் வியர்வையை விற்க மாட்டான் என்று நான் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். நீங்களும் அங்கிருந்து அப்படியே சொல்லுங்கள்.

ஆண்டவர் உங்களையும் அண்ணியையும் பிள்ளைகளையும் உயரமான இடத்தில் வைத்துக் காப்பாராக. உங்கள் அடுப்பு அணையாமலும், உங்கள் கூரை பறக்காமலும், உங்கள் விசா முடியாமலும் இருக்க நாங்கள் ஞாயிறு தோறும் ஜெபிக்கிறோம். அண்ணிக்கு என் வணக்கமும் மார்கரெட்டின் அன்பும்.

தங்கள் சொல்லைத் தட்டாத தம்பி,
சகாயோ

பின்குறிப்பு: அண்ணா, மேலே எழுதியதைப் படித்திருந்தால் தயவுசெய்து மறந்துவிடுங்கள். மறுபடி எழுதத் தாள் இல்லாததால் அதையும் அப்படியே அனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். போதகர் கடிதத்தோடு விமானத்துக்குப் போனார். விமானமும் வந்தது. சங்கு ஊதியது, பந்து விளையாடிய பிள்ளைகள் எல்லாம் ஓடுதளத்தை விட்டு ஓடின. ஆனால் முந்தின நாள் ஊர் சேர்ந்து மேட்டிலிருந்து இறக்கி விரட்டிய மார்கரெட், சுத்தமான காய்ந்த இடம் என்று ஓடுதளத்தின் நட்டநடுவில் போய்ப் படுத்திருந்தது. சங்குக்கெல்லாம் அது அசைகிற ஜாதியா? விமானம் வட்டமடித்துப் பார்த்துவிட்டு ஃபிஜிக்கே திரும்பிப் போய்விட்டது, கடிதம் போதகரோடு என் கைக்கே திரும்பி வந்துவிட்டது. அதில் ஏறி உங்களைப் பார்க்க வர வேண்டிய ஊசேயாவும் பெட்டியோடு நின்றுவிட்டார். போக்கிடம் இல்லாமல் நேராக நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தொப்பி இருந்தது. வெள்ளைத் தொப்பி அண்ணா, முன்னால் தங்கநூலில் மலைப் படம் போட்டது.

“சிகரக் காவலர்னு ஒரு பதவி போட்டிருக்கோம் சகாயோ. உனக்குத்தான்.”

“எனக்கு வேண்டாம் சார். அப்பாவோட வியர்வை...”

“மண்டபத்துல ஒரு தூணும் உண்டு.”

“தூணா?”

“சாஞ்சு உக்காரலாம்.”

அண்ணா, நீங்கள் பிறந்ததிலிருந்து சாய்ந்து உட்கார்ந்தவர், உங்களுக்குப் புரியாது. இத்தனை வருஷம் நடுவில் உட்கார்ந்த என் முதுகெலும்பு அந்த வார்த்தையைக் கேட்டதும் தானாக நிமிர்ந்துவிட்டது.

“உங்க அண்ணன் என்ன சொல்வாரு?” என்று ஊசேயா கேட்டார்.

“அவர் எப்பவோ சம்மதம்னு சொல்லிட்டாரே” என்று என் வாய் சொல்லிவிட்டது. ஆகையால் யாராவது கேட்டால் நீங்கள் சம்மதித்துவிட்டதாகவே சொல்லுங்கள், தம்பியின் மானத்தைக் காப்பாற்றுங்கள்.

நாட்டில் இருக்கும் ஒரே மண்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். தலை சீவியபோது பக்கவாட்டில் உள்ளே தெரிந்தது அண்ணா, ஒரு கூடை கல், அதன் மேல் ஒரு கூடை கல் என்று அப்பா கொட்டினது எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. தலீதா அதைப் பார்த்துவிட்டு என்னோடு பேசவில்லை. நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். தூண் நட்டார்கள், பாடகர் குழு பாடியது, இரண்டு பெரிய நாடுகளும் மாலை போட்டன, பெரியவர் தௌலியா முதல் தடவையாக மேலே ஏறி உட்கார்ந்து எல்லார் தலையையும் பார்த்துச் சிரித்தார். கல்வெட்டில் உயரத்தைப் பொறிக்க வேண்டும் என்று சேராவையும் வரவழைத்திருந்தார்கள். அவள் முக்காலியை வைத்து அளந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தாள்.

“ஐயா, இது இப்ப ரெண்டாவது இடம்” என்றாள்.

“முதல் இடம்?” என்று ஊசேயா கேட்டார்.

சேரா வேலிக்கு அந்தப் பக்கம் கழிவறையைக் காட்டினாள்.

அன்று சாயங்காலமே ஆளும் ஐவரில் ஒருவர் எழுந்து அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டார். ஊசேயா இப்போது சாதாரண ஊசேயா. புது மந்திரி நெமாயாவின் மாப்பிள்ளை, தொப்பி நெமாயாவின் தலையில் இருக்கிறது. என் தூணையும் பிடுங்கிவிட்டார்கள். “சிகரம் இல்லாதவனுக்குச் சாய என்ன இருக்கு?” என்றார் பெரியவர். இப்போது ஊரே நெமாயாவின் கழிவறையைத் தாண்டும்போது ‘துலோ, துலோ’ என்கிறது. அங்கேயும் தூண் நடச் சமதளம் ஆக்கப் போகிறார்களாம். நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை.

ஏனென்றால் எனக்கு வேலை இருக்கிறது. காலையில் எழுந்து திட்டுப் பக்கம் போய் ஒரு கூடை கல் சுமந்து வந்து வீட்டுக்குப் பின்னால் கொட்டுகிறேன். தலீதா நேற்றிலிருந்து பேசுகிறாள், இன்று அவளும் ஒரு கூடை கொண்டுவந்தாள். மார்கரெட் திரும்பி வந்து மேலே படுத்திருக்கிறது. நெமாயா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு, “என்னய்யா, மலை கட்டுறியா?” என்று கேட்கிறான். நான் பதில் சொல்லவில்லை அண்ணா. அப்பா ஏன் பதில் சொல்லவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. கூடை தலையில் இருக்கும்போது மூச்சு போதவில்லை.

ஆக்லாந்தில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் நிஜமான மலை ஒன்று இருக்கிறதாமே, எரிந்து அணைந்த மலை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு நீங்களும் அண்ணியும் கட்டாயம் வர வேண்டும். உங்கள் தூண் காலியாகத்தான் இருக்கிறது. துணிமணி எதுவும் எடுத்து வராதீர்கள், என் சட்டையைப் போட்டுக்கொள்ளலாம், அண்ணிக்குத் தலீதாவின் பாவாடை சரியாக இருக்கும். பெட்டி முழுக்கக் கல் கொண்டு வாருங்கள்.